நோட்டீஸ் ஒட்டிய வீடு

 

ஷார்ஜாவில் பணிபுரியும் வாசகச் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஊரில் அவருடைய தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். வீட்டுக்காரர் வங்கிக் கடனைக் கட்ட இயலாமல் தவிக்கிறார்; வங்கியும் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. ஏலத்துக்குப் போகும் முன் முந்திக்கொண்டால் பாதிக்குச் சற்று மேலான விலையில் முடித்துவிடலாம் என்கிறார் தரகர். “என்னுடையது ஹலாலான சம்பாத்தியம். வட்டிக்கு வாங்காமல் ரொக்கம் கொடுத்து வாங்கப் போகிறேன். இதில் தவறு ஏதும் உண்டா?” என்பது அவருடைய வினா.

வினா சிறியது, விடை அத்துணை சிறியதன்று. நான் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். கல்லூரியில் நான் படித்ததும் வரலாறேயன்றிச் சட்டம் அன்று. ஆயினும் இதே வினா ஒருநாள் என் வீட்டு வாசலுக்கும் வந்தது. அன்று நான் பட்டதையும் கற்றதையும் அப்படியே சொல்லுகிறேன். சகோதரர் தமக்குரிய விடையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அஸருக்குப் பின் வந்த தரகர்

என் மனைவியின் அண்ணன் பத்தொன்பது ஆண்டுகள் சபரில் இருந்தவர். ரியாத்தில் ஒரு கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். மிச்சம் பிடித்த பணத்துக்கு ஊரில் ஒரு வீடு வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தச் செய்தி எப்படியோ தரகர் செவிக்கு எட்டிவிட்டது. ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்குகையில் எங்கள் இருவரையும் அவர் நிறுத்தினார்.

அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு. சாதாரணமாக நாற்பது இலட்சத்துக்கு மேல் போகும். வங்கிக்கு நிற்பது பதினெட்டு இலட்சத்து நாற்பதாயிரம். நோட்டீஸ் வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. “இன்னும் இருபதே நாள், ஹஜ்ரத். அறுபதாம் நாள் ஏலம். இருபத்தாறுக்கு முடித்துத் தருகிறேன்” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு என்ற எண் காதில் விழுந்தபோது என் உள்ளமும் மகிழத்தான் செய்தது. மச்சானுக்கு இத்துணை மலிவாக வீடு அமைகிறதே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். அது யாருடைய வீடு என்று தரகர் சொன்ன பின்னும் அந்த மகிழ்ச்சி உடனே அடங்கிவிடவில்லை. அவருடைய மகன் என்னிடம் ஓதியவன்.

மறுநாள் மூவரும் போனோம். வீட்டுக்காரர் கடைத்தெருவில் இருபது ஆண்டு செருப்புக் கடை நடத்தியவர். தகப்பனார் கட்டிய கீழ்த்தளத்தின் மேல் மாடி எடுப்பதற்காகக் கடன் வாங்கினார். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது மூடிய கடை மீண்டும் எழவே இல்லை. நாற்காலிகளைத் தாமே தூக்கி வந்து போட்டார். தரகர், “இருபத்தாறு என்கிறார்கள்” என்று சொல்லி வாய் மூடுமுன், “சரி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஜோடி செருப்புக்குக் கால்மணி நேரம் பேரம் பேசியவர் அவர். நானே அவரிடம் பேசித் தோற்றிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர் தம் தகப்பனார் வீட்டுக்கு ஒரு சொல்லும் பேரம் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்த அவருடைய தமக்கையார், கணவரை இழந்தவர், அவ்வீட்டின் பின்கட்டில் இருப்பவர். அவர் எங்களைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

முன்பே ஒருமுறை

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் எனக்கு இது முதல் முறை அன்று. ஐந்தாண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வீட்டு வியாபாரத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாங்கியவர் வேண்டியவர், விற்றவர் கடனாளி. விலை மிகக் குறைவு என்பது எனக்குத் தெரியும். ‘இருவரும் பொருந்திக்கொண்ட வியாபாரம், இடையில் நாம் யார்?’ என்று எண்ணிப் பேனாவை வாங்கினேன். குடிபுகும் நாளில் துஆ ஓதியவனும் நானே, சோறுண்டவனும் நானே. விற்றவர் அதன்பின் எங்கள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வழியில் கண்டால் ஸலாமுக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை என்பதே எனக்குப் பெரும் பாரம்.

பொருந்திக்கொண்டார் என்பது மெய்தான். ஆனால் கழுத்தளவு நீரில் நிற்பவன் எந்தக் கயிற்றுக்கும் எந்த விலைக்கும் பொருந்திக்கொள்வான் அன்றோ?

இருபது நாளில் ஏலமா?

மறுநாள் காலை மச்சானை அழைத்துக்கொண்டு, என்னோடு கல்லூரியில் படித்து இப்போது வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம் சென்றேன். அவர் முதலில் தரகரின் ‘இருபது நாளை’ உடைத்தார். அவர் விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன். ஒவ்வொரு குடும்பமும் இதனை அறிந்திருத்தல் நலம்.

வீட்டுக் கடனின் தவணை தொண்ணூறு நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதனை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அதன்பின் 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நடவடிக்கை தொடங்கும். இச்சட்டம் வந்தபின், அடைமான வீட்டை விற்க வங்கி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முதற்படி, 13 ஆம் பிரிவின்படி அனுப்பப்படும் அறுபது நாள் கேட்பு நோட்டீஸ். முழு நிலுவையையும் அறுபது நாளுக்குள் செலுத்துக என்பதே அதன் வாசகம். கடன்பட்டவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் பதினைந்து நாளுக்குள் வங்கி விடை தரவேண்டும்.

அறுபது நாள் கடந்தால் அடுத்த நாளே ஏலம் என்பது இல்லை. வங்கி முதலில் வீட்டைத் தன் சுவாதீனத்தில் எடுத்துக்கொண்டதாக வாசலில் அறிவிப்பு ஒட்டும்; இரண்டு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், வெளியிடும். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பிட்டுக் குறைந்தபட்ச ஏலத் தொகையை முடிவு செய்யும். பின்னர் முதல் ஏலத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். வங்கியின் நடவடிக்கையில் குறை கண்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நம் மாநிலத்தில் அது சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இருக்கிறது.

ஆகத் தரகர் சொன்ன இருபது நாள், அச்சமூட்டி விலையைக் குறைக்கும் கருவியேயன்றி வேறில்லை. எனினும் ஓர் எல்லை உண்டு. அதனை மறந்துவிடக் கூடாது. முன்பெல்லாம் ஏலம் முடியும் வரையிலும்கூடக் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்ற நிலை இருந்தது. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்துவிடும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. எனவே செய்வதை ஏல அறிவிப்புக்கு முன் செய்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் நண்பர் சொன்னார். கேட்பு நோட்டீஸ் கைக்கு வந்தபின், வங்கியின் எழுத்து மூலமான முன் இசைவின்றி அவ்வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கடன்பட்டவருக்குச் சட்டம் இடம் தருவதில்லை. இதனைத் தரகர் எங்களிடம் சொல்லவே இல்லை. “முன்பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், மீதியைப் பத்திரத்தன்று பார்த்துக்கொள்ளலாம்” என்றே அவர் சொல்லியிருந்தார். அப்படிச் செய்திருந்தால் மச்சானின் பணமும் போய், வீடும் ஏலத்துக்குப் போயிருக்கும்.

அந்தப் பதினொன்றரை இலட்சம் யாருடையது?

வழியில் மச்சான் கேட்ட கேள்விகளை நான் மறைக்க விரும்பவில்லை. நியாயம் உள்ள கேள்விகள் அவை. “அவர் கடன் வாங்கியது நான் சொல்லியா? நான் வாங்காவிட்டால் இன்னொருவன் இருபத்தேழுக்கு வாங்குவான். ஏலத்தில் போனால் இதைவிடவும் குறையும். வியாபாரம் வேறு, தர்மம் வேறு, மச்சான். தர்மம் செய்ய நினைத்தால் அதை நான் தனியே செய்துகொள்கிறேன்.”

நான் வாதாடவில்லை. ஒரு தாளில் கணக்கு எழுதினேன். இருபத்தாறில் வங்கிக்குப் பதினெட்டு நாற்பது. கைமாற்றாக வாங்கியவர்களுக்கு அவர் தரவேண்டியது ஆறு இலட்சம். மீதி ஒன்று அறுபது. மனையும் கீழ்த்தளமும் தகப்பனார் விட்டுச் சென்றவை; வாரிசுகள் இவரும் தமக்கையாருமே. கடன் வாங்கும்போது வங்கி கேட்டதென்று தமக்கையார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்; அதற்காக ஒரு காசும் பெறவில்லை. ஒன்று அறுபதில் அந்தப் பெண்ணுக்கு எதைக் கொடுப்பது, இவர் எதைக் கொண்டு குடியிருப்பது?

பின்னர் வேறு மூவரிடம், நோட்டீஸ் விவரம் எதுவும் சொல்லாமல், அந்த வீதியில் அப்படியோர் வீடு என்ன போகும் என்று விசாரித்தோம். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்றார்கள். நடுவெண் நாற்பத்திரண்டு. அதிலிருந்து நியாயமாகக் கழிக்கத்தக்கவை எவை? மாடி ஒழுகுகிறது, செப்பனிட ஒன்றரை இலட்சம். வீட்டு வரி, மின்கட்டண நிலுவை அரை இலட்சம். உடனே ரொக்கம் திரட்டுவதற்கும், வங்கிக்கு அலைவதற்கும், இடையில் ஏதேனும் தடை வந்தால் அதனைத் தாங்குவதற்கும் இரண்டரை இலட்சம். ஆக முப்பத்தேழரை. வீட்டின் குறைக்கும் எங்கள் சிரமத்துக்கும் உரிய கழிவு இவ்வளவுதான். இருபத்தாறுக்கும் முப்பத்தேழரைக்கும் இடையே உள்ள பதினொன்றரை இலட்சம், வீட்டின் எந்தக் குறைக்கும் உரியதன்று. அது அவருடைய அச்சத்தின் விலை. அதை நாம் எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

ஏலத்தில் இதைவிடக் குறையும் என்பதும் உறுதியில்லை. ஏலத்தில் போட்டி வந்தால் விலை ஏறும். வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதம் இருந்தால் அதனை உரியவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டமே. ஆளில்லாமல் விலை இறங்குவதும் உண்டு. குறைந்த தொகைக்குக் கடன்பட்டவரே பின்னும் பொறுப்பாவதும் உண்டு. இன்னொருவன் இருபத்தேழுக்கு வாங்குவான் என்பதற்கு மட்டும் நான் ஒரு விடை சொன்னேன்: “வாங்கட்டும். அவன் கணக்கை அவன் சொல்லிக்கொள்வான். நம் கணக்கை நாம்தானே சொல்லவேண்டும்?”

மார்க்கம் காட்டும் வழி

கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் அளிக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் நலம் என்றும் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 280 ஆம் வசனம் போதிக்கிறது. அது கடன் கொடுத்தவருக்கு உரிய அறிவுரை. வாங்குபவருக்கு? நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் வியாபாரத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அலீ (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்பதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஹிஜ்ரி 388 இல் மறைந்த இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள் அதற்கு விரிவுரை எழுதுகையில் இரு நிலைகளைப் பிரிக்கிறார்கள். ஒருவரை வலுக்கட்டாயப்படுத்தி விற்கச் செய்தால் அவ்வியாபாரமே செல்லாது. கடன் நெருக்கடியால் ஒருவர் தாமே குறைந்த விலைக்கு விற்க வந்தால், அவ்வியாபாரம் நிறைவேறிவிடும். ஆயினும் மார்க்கமும் மனிதப் பண்பும் வேண்டுவது, அந்நிலையில் அவர் பொருளை வாங்காமல், கடன் கொடுத்தோ அவகாசம் பெற்றுத் தந்தோ அவருக்கு உதவுவதே என்பது அவர்கள் கருத்து.

கவனியுங்கள்: செல்லாது என்று அவர்கள் கூறவில்லை. எனவே ஷார்ஜா சகோதரரிடம் ‘ஹராம்’ என்று நானும் கூறமாட்டேன். செல்லும் வியாபாரம் அனைத்தும் சிறந்த வியாபாரம் ஆகிவிடாது என்று மட்டும் கூறுவேன்.

இது மத்ரஸாக்காரரின் மென்மனம் என்று எவரேனும் நினைத்தால், அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே கடன் தவறிய வீடுகளை ஏலத்துக்கு முன்பே தேடி வாங்கி விற்பது ஒரு தனித் தொழில். அதற்குப் பாடம் சொல்லும் புத்தகங்களும் வகுப்புகளும் உண்டு. அங்குள்ள கலிபோர்னியா மாநிலம் 1979 இலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட பின்னும் ஐந்து வேலை நாளுக்குள், அதற்குமுன் ஏல நாள் வந்துவிட்டால் அன்று காலை வரை, ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். அவருடைய நெருக்கடியை வாங்குபவர் அநியாயமாகப் பயன்படுத்திக்கொள்வதும் அங்கே தடை. தாம் குடியிருக்க வாங்குபவரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. இலாபத்துக்கு வாங்குபவரையே கட்டுப்படுத்தும். நெருக்கடியில் இருப்பவர் சொல்லும் ‘சரி’ முழுமையான சரி அன்று என்பதனை வட்டியில் ஊறிய ஒரு நாட்டின் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நமக்கு அது தெரியவேண்டாமா?

வாசலில் ஒட்டிய நாள்

மச்சான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின், “முப்பத்தேழரைக்கே பேசுங்கள், வீட்டில் நிம்மதியாகத் தூங்கவேண்டும்” என்றார். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு, மாடி ஒழுகும் இடம் ஒன்றன்று, இரண்டு என்று தாமே காட்டினார். இழந்த நாணயம் அவருக்கு அப்போது திரும்ப வந்ததாக எனக்குத் தோன்றியது.

ஆயினும் எல்லாம் எளிதில் முடியவில்லை. வங்கியின் இசைவுக் கடிதம் கிளையிலிருந்து மேலிடம் போய்த் திரும்ப இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அறுபதாம் நாள் கடந்தது. ஒரு காலையில் அலுவலர்கள் வந்து வாசலில் அறிவிப்பை ஒட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. மச்சான் அவ்வாசலில் போய் நின்று, “இது நான் வாங்கும் வீடு, கூட்டம் போடாதீர்கள்” என்றார். இரண்டு நாள் பேசாதிருந்த மனிதர்தாம் அவர்.

அதன்பின் கடிதம் வந்தது. வட்டியும் செலவும் சேர்ந்து பதினெட்டு அறுபதாகிவிட்ட நிலுவையை வங்கியின் பெயரிலேயே வரைவோலையாகச் செலுத்தினோம். கடன் தீர்ந்த இரசீது பதிவாகி, மூலப் பத்திரங்கள் திரும்ப வந்தபின் கிரயம் நடந்தது. தமக்கையாரும் பத்திரத்தில் சம்மதக் கையெழுத்துப் போட்டார். மனைக்கும் கீழ்த்தளத்துக்கும் இருபத்து நான்கு இலட்சம் என்று மதிப்பிட்டு, ஃபராயிள் முறைப்படி மூன்றில் ஒரு பங்கான எட்டு இலட்சத்தை அவர் கையிலேயே கொடுக்கச் செய்தோம். கைமாற்றுக் கடன் ஆறும் தீர்ந்தது. வீட்டுக்காரருக்கு எஞ்சியது நான்கு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். இரண்டு அறையுள்ள ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்திருக்கிறார். செல்வர் ஆகிவிடவில்லை, ஆனால் எவருக்கும் கடனாளி அல்லர். ஐவேளையும் எங்கள் பள்ளிக்கே வருகிறார். மச்சானோ, “ஹஜ்ரத் கணக்கில் பதினொன்றரை இலட்சம் பற்று இருக்கிறது” என்று இன்றும் எல்லோர் முன்னும் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும்!

வாங்குவோர் கவனத்துக்கு

இத்தகைய வீட்டை வாங்க முன்வருவோர் இவற்றை விடாமல் பார்க்கவேண்டும்:

நிலுவை எவ்வளவு என்பதனை வங்கியிடமிருந்து எழுத்தில் பெறுக. வாய்ச்சொல்லை நம்பி விலை பேச வேண்டா. வங்கியின் இசைவுக் கடிதம் வரும் முன் பெருந்தொகை எதையும் எவர் கையிலும் கொடுக்க வேண்டா. வங்கிக்கு உரியதை வங்கிக்கே நேராகச் செலுத்துக.

முப்பது ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தின் படிகளோடு ஒப்பிட்டு, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுக. வங்கிக் கடனுக்கு அப்பால் வேறு அடைமானமோ நீதிமன்றப் பற்றுகையோ இருந்தால் அங்கே தெரியவரும்.

வில்லங்கச் சான்றில் தெரியாதவையும் உண்டு. மாடியில் குடியிருப்பவர் வாடகைக்கு இருக்கிறாரா, பதிவு செய்யாத போக்கியத்துக்குப் பெருந்தொகை கொடுத்து இருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். குடும்பத்துப் பெண்களின் பங்கு தீர்ந்ததா என்பதனையும் ஆண்களிடம் மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அப்பெண்களிடமே கேட்டறியுங்கள்.

தமிழகத்தில் 2023 முதல் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக்கட்டணம் 2 விழுக்காடும் ஆகின்றன. இதனையும் சேர்த்துக் கணக்கிட்டு வைத்துக்கொள்க. இதற்கு அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது பொய்ச்சாட்சியம். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கைமாறுவதும் வருமான வரிச் சட்டத்துக்கு மாறானது.

கடன் முழுதும் தீர்ந்த முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும். 2023 டிசம்பர் முதல் இது ரிசர்வ் வங்கியின் கட்டளை.

கடைசியாக ஒன்று. நோட்டீஸ் இல்லாவிட்டால் இவ்வீட்டுக்கு என்ன கொடுப்பேன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து உண்மையான குறைகளைக் கழியுங்கள், அச்சத்தைக் கழிக்காதீர்கள்.

கடன்பட்ட சகோதரருக்கு

இதனை வாசிப்போரில், மேசை அறையில் நோட்டீஸை மறைத்து வைத்திருப்பவரும் இருக்கலாம். அவரிடம் ஒரு சொல். அதனை மறைக்காதீர்கள். முதலில் மனைவிக்குக் காட்டுங்கள். பின்னர் விவரம் அறிந்த ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள். இரண்டு தவணை தவறும்போதே வங்கிக்குப் போய்ப் பேசினால் வழி பிறக்கலாம். விற்றுத்தான் தீரவேண்டும் என்றால், நோட்டீஸுக்கு முன்பே விற்பவருக்குக் கிடைக்கும் விலை பின்னால் கிடைக்காது. வட்டியில் விழுந்தவரை மிம்பரில் ஏசுவது எளிது. அவர் ஏறி வர ஒரு கை கொடுப்பதே கடினம். மஹல்லா நிர்வாகிகள் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுக்க இயலாவிட்டாலும், நியாயமான விலைக்கு வாங்கும் ஒருவரைத் தேடித் தரலாம் அன்றோ? அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஷார்ஜா சகோதரரே! தாராளமாக அவ்வீட்டை வாங்குங்கள். உங்களால் ஒரு குடும்பம் ஏலத்தின் அவமானத்திலிருந்தும் வட்டியிலிருந்தும் விடுபடும். ஆனால் விற்றவர் நாளை உங்கள் அருகில் ஸஃப்பில் வந்து நிற்கக்கூடிய விலைக்கு வாங்குங்கள். என் பழைய சாட்சிக் கையெழுத்தை என்னால் அழிக்க இயலவில்லை. உங்கள் கையெழுத்து இன்னும் போடப்படவில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்து, பிறர் துயரத்திலிருந்து நமக்கு இலாபம் வராமல் காப்பானாக! ஆமீன்.